சிபாரிசு இல்லாத பிள்ளைகளும் கல்லூரிப் பிரவேசமும்

பெங்களூர்த் தண்டின் தென்கிழக்கு ஓரத்தில், ஆஸ்டின் டவுனுக்கும் நீலசந்திராவுக்கும் ஈஜிபுரத்துக்கும் இடையே, நெருக்கமான வீதிகளோடு அமைந்திருக்கும் விவேக் நகரை வெளியூரார் பெரும்பாலும் குழந்தை யேசு ஆலயத்தைக் கொண்டே அறிவார்கள். வியாழக்கிழமைதோறும் மதபேதமின்றி ஜனங்கள் திரளும் அந்த ஆலயத்தில், பரீட்சைக் காலத்தில் வந்து நிற்கும் தாய்மார்களின் பிரார்த்தனைகளில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர் எவரும் இல்லை. ஆயினும் அவை மிகப் பல என்பதை அங்கே ஒரு வியாழக்கிழமை நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த ஆங்கிலேயப் படை 1809-ஆம் ஆண்டில் பெங்களூருக்கு இடம் பெயர்ந்தபோது, சென்னைப் பட்டாளத்தோடு சிப்பாய்களாகவும் சமையற்காரர்களாகவும் சுமைக்காரர்களாகவும் சிறு வியாபாரிகளாகவும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் சந்ததியார் இப்பகுதியில் உண்டு. பிற்காலத்தில் ஆலை வேலையையும் கட்டட வேலையையும் நாடி வட ஆர்க்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்தவர்களின் மக்களும் பேரர்களும் உண்டு. தகப்பனார் ஆட்டோ ஓட்டுகிறார், தாயார் கோரமங்கலத்து வீடுகளில் வேலை செய்கிறார் என்னும்படியான ஒரு குடும்பத்தில், கணக்கிலும் விஞ்ஞானத்திலும் இயல்பான கூர்மையுள்ள ஒரு பெண் பிறந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இந்திய விஞ்ஞானக் கழகம், தேசியச் சட்டப் பள்ளி, பெங்களூர் மருத்துவக் கல்லூரி, செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி, விசுவேசுவரய்யா பொறியியற் கல்லூரி என்று பாரதம் முழுவதிலுமிருந்து வித்தியார்த்திகள் நாடி வரும் ஸ்தாபனங்கள் அவள் வாழும் ஊரிலேயே இருக்கின்றன. இவற்றுள் ஒன்று அவள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலேயே இருக்கிறது. பணத்தின் பலமோ, பிறப்பின் பலமோ, அறிமுகத்தின் பலமோ இல்லாத அந்தப் பெண் இவ்வாசல்களுள் ஒன்றில் நுழைவது எங்ஙனம், அவளைத் தடுப்பவை யாவை என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் விஷயம்.

விசேஷச் சலுகை என்று இங்கே நான் குறிப்பிடுவது மேற்சொன்ன மூன்று பலங்களையே. சாதியாலும் வறுமையாலும் தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டவர்களுக்குச் சட்டம் வகுத்துத் தந்திருக்கும் ஒதுக்கீட்டை அதில் சேர்க்கவில்லை. 1918-இல் மைசூர் மகாராஜா நியமித்த மில்லர் குழுவின் காலம் முதற்கொண்டு இந்த ராஜ்யத்தில் வழங்கிவரும் ஒதுக்கீடு, பகிரங்கமாக எழுதி வைக்கப்பட்ட விதி. அதற்கு வரம்பு உண்டு, வழக்கு மன்றத்தில் அதைக் கேள்வி கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். 1962-இல் மைசூர் அரசாங்கம் தொழிற்கல்லூரி இடங்களில் 68 சதவிகிதத்தை ஒதுக்கியபோது, பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தீர்த்து, ஒதுக்கீடு பாதிக்கு மேற்படலாகாது என்று சொன்னது. பணமும் பிறப்பும் அறிமுகமும் தரும் சலுகைகள் எந்த அரசிதழிலும் அச்சாவதில்லை. ஆகையால் அவற்றுக்கு வரம்பு விதிப்பதும் அரிதாகிறது.

இந்தச் சலுகைகள் எவ்வளவு தூரம் வேரோடக்கூடும் என்பதற்கு அமெரிக்க சர்வகலாசாலைகளின் சரித்திரம் தக்க சாட்சி. ஹார்வர்டில் பரீட்சை மதிப்பெண்ணைக் கொண்டே மாணவர்களைச் சேர்த்த காலத்தில், குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் பெருந்தொகையாக நுழைந்தார்கள். அதைக் கண்டு சகியாத அதன் தலைவர் லோவல், 1920-களில் மாணவனின் குணநலனையும் தோற்றத்தையும் குடும்பத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்து அத்தொகையைக் குறைத்தார். மாணவனை முழு மனிதனாகப் பார்க்கிறோம் என்று இன்று பெருமையோடு சொல்லப்படும் முறையின் மூலம் இதுதான். பழைய மாணவரின் பிள்ளைகள், விளையாட்டு வீரர்கள், ஆசிரியரின் பிள்ளைகள், நன்கொடையாளரோடு தொடர்புள்ளவர்கள் ஆகியோருக்கு அங்கே கிடைக்கும் முன்னுரிமையின் அளவு, ஹார்வர்டின் மாணவர் சேர்க்கையை எதிர்த்துத் தொடுக்கப்பட்டு 2023-ஆம் ஆண்டு ஜூனில் தீர்ப்பான வழக்கின் விசாரணையில்தான் உலகத்துக்கு வெளியாயிற்று: சேர்க்கப்பட்ட வெள்ளையர்களில் நூற்றுக்கு 43 பேர் இந்நான்கு வகையுள் அடங்குவர் என்றும், அவர்களில் முக்கால் பங்கினர் அந்த முன்னுரிமை இல்லாவிட்டால் நிராகரிக்கப்பட்டிருப்பர் என்றும் அவ்வழக்கின் ஆவணங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கண்டார்கள். ஒரே மதிப்பெண் பெற்ற இரு பிள்ளைகளில், நாட்டின் தலையாய ஒரு சதவிகிதச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இத்தகைய கல்லூரிகளில் இடம் கிடைக்கும் வாய்ப்பு, நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட இரு மடங்குக்கு மேல் என்பது அதே ஆண்டு பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் சகாக்களும் வெளியிட்ட முடிவு.

நம் தேசத்தில் இத்தகைய அந்தரங்க அதிகாரம் நேர்முகப் பரீட்சை என்ற வேஷத்தில் வந்தது. மைசூர் ராஜ்யத்தில் மருத்துவ, பொறியியற் கல்லூரிகளுக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கையில் நேர்முகத்துக்கென்று மதிப்பெண் ஒதுக்கியதை 1964-இல் சித்ரலேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் 1970-இல் நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெரியகருப்பன் வழக்கில், மருத்துவக் கல்லூரித் தேர்வுக் குழுவினர் ஒவ்வோர் அம்சத்துக்கும் தனித்தனியே மதிப்பெண் இடாமல் மொத்தமாக இட்டதையும், பகுதி பகுதியாக மாணவர்களைத் தேர்ந்தெடுத்ததையும் அதே நீதிமன்றம் கண்டிக்க நேர்ந்தது. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியற் கல்லூரியைப் பற்றிய அஜய் ஹாசியா வழக்கு இன்னும் தெளிவானது. அங்கே எழுத்துப் பரீட்சைக்கு 100, நேர்முகத்துக்கு 50 என்று வகுத்திருந்தார்கள். நேர்முகமோ இரண்டு மூன்று நிமிஷங்களே நடந்தது என்றும், கேட்ட கேள்விகள் தகப்பனார் யார், வீடு எங்கே என்பவையே என்றும் மாணவர்கள் முறையிட்டார்கள். மொத்தத்தில் மூன்றிலொரு பங்கை இவ்வாறு ஒதுக்குவது தான்தோன்றித்தனம் என்று 1980-இல் நீதிமன்றம் தீர்த்து, நேர்முகத்துக்கு 15 சதவிகிதத்துக்கு மேல் ஆகாது என்று எல்லை கட்டியது. தகப்பனார் யார் என்று கேட்கப்படும் அறையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளுக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். இந்தியப் பெற்றோர் எண்ணைத் தவிர வேறெதையும் நம்ப மறுப்பதை அறியாமை என்று சிலர் இகழ்கிறார்கள். இந்த அநுபவத்தை அறிந்தவர்கள் அவ்விதம் இகழமாட்டார்கள்.

பணத்தின் பலத்துக்குக் கர்நாடகமே பெயர்போன களமாக இருந்தது. நன்கொடை வாங்கிக்கொண்டு இடம் தரும் வழக்கம் மிகுந்ததனால்தான் 1984-இல் இந்த ராஜ்யம் தலைக்கட்டணத் தடைச் சட்டத்தை இயற்றியது. அதன் பின்னரும் 1989-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசாங்க இடத்தில் சேர்ந்தவருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், கர்நாடகத்தவரான மற்றவருக்கு 25,000 ரூபாய் வரை, வெளி மாநிலத்தவருக்கு 60,000 ரூபாய் வரை என்று மூன்று விதமான கட்டணங்கள் நிலவின. தும்கூரிலுள்ள கல்லூரியொன்றில் சேர விரும்பிய மீரட் நகரத்து மாணவி மோகினி ஜெயின் தொடுத்த வழக்கில், 1992-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் கல்வியுரிமையை உயிர்வாழும் உரிமையின் அங்கமென்று கூறி, தலைக்கட்டணத்தை நிராகரித்தது. மறு ஆண்டு உன்னிகிருஷ்ணன் வழக்கில் பாதி இடங்கள் இலவசம், பாதி கட்டணம் என்ற ஏற்பாடு பிறந்தது. அதையொட்டியே கர்நாடகத்தில் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி. நிலைபெற்றது. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் அந்தக் காலத்தில் முதன்முதலாக எஞ்சினியரானவர்களில் பலர் இந்த ஏற்பாட்டுக்குக் கடன்பட்டவர்கள். 2002-இல் பதினொரு நீதிபதிகள் கூடித் தீர்த்த டி.எம்.ஏ. பாய் வழக்கு அந்த ஏற்பாட்டைக் கலைத்தது. 2005-இல் வந்த இனாம்தார் வழக்கு, வெளிநாடு வாழ் இந்தியர்க்கென்று 15 சதவிகிதம் வரை ஒதுக்கிக்கொள்ளத் தனியார் கல்லூரிகளுக்கு இடம் தந்தது.

இன்றைய நிலையில், சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பொறியியற் கல்லூரிகளில் ஏறக்குறைய 45 சதவிகித இடங்கள் சி.இ.டி. வழியாகவும், 30 சதவிகிதம் கல்லூரிகளின் கூட்டமைப்பு நடத்தும் கோமெட்கே தேர்வின் வழியாகவும், எஞ்சிய கால் பங்கு நிர்வாகத்தின் கையாலும் நிரப்பப்படுகின்றன. நிர்வாகத்தின் கால் பங்கு சில சமயம் காலோடு நிற்பதில்லை. சேரும் நோக்கமில்லாத மாணவர்களின் பெயரால் இடங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசிச் சுற்று முடிந்ததும் அவற்றைக் கைவிட்டு, நிர்வாகத்துக்கே திரும்பச் செய்யும் தந்திரத்துக்கு 'சீட் பிளாக்கிங்' என்று பெயர். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் தேர்வு ஆணையத்தின் புகாரின்மேல் பெங்களூர்ப் போலீஸார் இது குறித்து வழக்குப் பதிந்து சிலரைக் கைது செய்தார்கள். அவ்வாறு மறைக்கப்பட்ட ஒவ்வோர் இடமும், தரவரிசையில் அடுத்திருந்த ஒரு பிள்ளைக்கு நியாயமாகச் சேர வேண்டியது. இதைத் திருட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் எழுத்துப் பரீட்சை ஒன்றே போதுமா? போதாது. அறிமுகத்தால் வாங்க முடியாத மதிப்பெண்ணைப் பயிற்சியால் வாங்கலாம் என்று ஆனபின், பரீட்சை எளியவரின் துணை என்ற நிலை தேய்ந்துவிட்டது. விவேக் நகரிலிருந்து ஒரு மைல் போனால் கோரமங்கலத்தில் பயிற்சி நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளான பி.யு.சி. படிப்போடு நுழைவுத் தேர்வுப் பயிற்சியையும் சேர்த்து விற்கும் கல்லூரிகளின் இரண்டாண்டுக் கட்டணம் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் வருமானத்தை விழுங்கிவிடும். தமிழ்நாட்டில் நீட் தேர்வின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கண்டது இதைத்தான்: நீட்டுக்கு முன் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் மீண்டும் எழுதித் தேறியவர்கள் எட்டில் ஒரு பங்கினராக இருக்க, நான்கே ஆண்டுகளில் அவர்கள் பத்தில் ஏழு பங்கினராயினர், தமிழ் வழியில் படித்தவர்களோ மிகச் சிலராகச் சுருங்கினர். ஓராண்டு வீட்டிலிருந்து மீண்டும் எழுதுவது என்பது, அந்த ஓராண்டு பிள்ளையின் சம்பாத்தியத்தை எதிர்பாராத குடும்பத்துக்கே கைகூடும். பரீட்சையில் பெற்ற எண், சமூக, பொருளாதார, கலாசார வசதிகளால் ஒருவனுக்குக் கிடைத்த முன்னிலையைக் காட்டுவதில்லை என்பதை 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் நீல் ஆரேலியோ நூனெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே எடுத்துரைத்திருக்கிறது.

இதற்குத் தமிழ்நாடு கண்ட பரிகாரங்களில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் மருத்துவ இடங்களில் வழங்கப்படும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அது முதலாண்டிலேயே முந்நூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளை எம்.பி.பி.எஸ். வகுப்புக்குள் கொண்டுவந்தது. எவர் பிள்ளை என்று கேட்காமல் எந்தப் பள்ளியில் படித்தாய் என்று மட்டும் கேட்கும் விதி அது. கர்நாடகத்தில் அதற்கு நிகரானது இல்லை. கிராமப்புறத்தில் படித்தவர்க்கு 15 சதவிகிதமும் கன்னட வழியில் படித்தவர்க்கு 5 சதவிகிதமும் உண்டு. கல்யாண கர்நாடக மாவட்டத்தவர்க்கு அரசியல் சட்டத்தின் 371-ஜே பிரிவின் கீழ்த் தனி ஒதுக்கீடு உண்டு. பெங்களூர் நகரத்தில் ஆங்கில வழியில் படித்த நம் பெண்ணுக்கு இம்மூன்றும் பொருந்தா.

இனி நான் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். விவேக் நகரைப் போன்ற பகுதிகளில் கூர்மையுள்ள பிள்ளைகள் இடம் இழப்பது எப்போதும் பரீட்சைக் கூடத்தில் அன்று. சான்றிதழ்களிலும் தேதிகளிலும் கட்டணத்திலும் இழக்கிறார்கள். சி.இ.டி. இடத்துக்குத் தகுதி பெற, முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஏழாண்டுகளேனும் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி., இரண்டாம் பி.யு.சி. இரண்டில் ஒன்றையேனும் இங்கே தேறியிருக்க வேண்டும். பாட்டி வீட்டில் ஆம்பூரிலோ திருப்பத்தூரிலோ சில வகுப்புகள் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு இக்கணக்கு ஓராண்டால் தவறிப் போகலாம். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் நாடகச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் வாங்கி, அவற்றின் ஆர்.டி. எண்ணை விண்ணப்பத்தில் பதிய வேண்டும். அந்த எண் இல்லாதவர், எந்த வகுப்பினராயினும், பொதுப் பிரிவான ஜி.எம். பட்டியலில் விழுவார்.

சாதிச் சான்றிதழிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மாநிலத்தில் பட்டியலினத்தைச் சேர்ந்தவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கோர இயலாது என்பது 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்த்த விஷயம். ஆந்திரத்தில் பழங்குடியாக அங்கீகரிக்கப்பட்ட வகுப்பில் பிறந்து, ஒன்பது வயதில் பம்பாய்க்கு வந்த மாணவனுக்கு அங்கே மருத்துவக் கல்லூரியில் அந்த இடம் மறுக்கப்பட்டதே அவ்வழக்கின் காரணம். 1950-இல் குடியரசுத் தலைவர் ஆணை பிறந்த காலத்தில் குடும்பம் எங்கே வசித்தது என்பதே கணக்கு. ஆகவே, தண்டில் மூன்று தலைமுறையாக வாழும் ஆதிதிராவிடக் குடும்பம் தன் பாட்டனார் அப்போதே இங்கே இருந்தார் என்பதற்குப் பழைய பள்ளிப் பதிவையோ ஆலைப் பதிவையோ காட்டினால் கர்நாடகத்தில் உரிமை பெறலாம். எழுபதுகளில் வந்த குடும்பத்தின் பிள்ளை இங்கேயே பிறந்து இங்கேயே படித்திருந்தாலும் பெற முடியாது. ஆனால் மத்திய அரசின் கல்லூரிகளில், தகப்பனாரின் சொந்த மாநிலத்துச் சான்றிதழைக் கொண்டு அதே பிள்ளை தன் உரிமையைக் கோரலாம். ஒரே பிள்ளை விசுவேசுவரய்யா கல்லூரிக்குப் பொதுப் பிரிவினள், ஐ.ஐ.டி.க்குப் பட்டியலினத்தவள். இதை அறியாமல் இரண்டு இடத்திலும் பொதுப் பிரிவிலேயே விண்ணப்பிக்கும் குடும்பங்களை நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

கத்தோலிக்கத் தமிழர் நிலை இன்னொரு விதம். கிறிஸ்தவரானோர்க்கு 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியலின உரிமை இல்லை. கர்நாடகத்திலோ, பட்டியலினத்திலிருந்து கிறிஸ்தவரானவர்கள் முதற் பிரிவிலும், ஏனைய கிறிஸ்தவர்கள் 3-பி பிரிவிலும் வைக்கப்பட்டிருக்கிறார்கள். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றல்ல. மாநிலத்தில் பிற்பட்டவராகக் கருதப்படும் ஒருவர் மத்தியப் பட்டியலில் இல்லாதபோது, குடும்ப வருமானம் எட்டு லட்ச ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், 2019-இல் வந்த பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கான 10 சதவிகிதத்தில் விண்ணப்பிக்க இயலும். மத்திய ஸ்தாபனங்களுக்கான பிற்பட்டோர் சான்றிதழை அந்தந்த நிதியாண்டில் புதிதாக வாங்க வேண்டும் என்ற விதியோ பலருக்கு விண்ணப்பத்தின் கடைசி நாளில்தான் தெரிய வருகிறது.

இடம் கிடைத்தபின்னும் ஆபத்து ஓய்வதில்லை. உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகரை அடுத்த கிராமமொன்றைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளியின் மகன், 2024-ஆம் ஆண்டு தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் பெற்றான். இடத்தை உறுதி செய்ய ஜூன் 24-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும்; தகப்பனாரால் உரிய வேளையில் அத்தொகையைத் திரட்ட முடியவில்லை. இரண்டு முறை மட்டுமே எழுதக்கூடிய தேர்வில் அது அவனுக்குக் கடைசி முறை. அவ்வாண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதனால் அவன் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, பின்னர் உச்ச நீதிமன்றம் சென்றான். செப்டம்பர் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன் விசேஷ அதிகாரத்தைக் கொண்டு, கூடுதலாக ஓர் இடத்தை உண்டாக்கி அவனைச் சேர்க்கும்படி கட்டளையிட்டது. நீதி கிடைத்ததற்காக மகிழ வேண்டியதுதான். ஆயினும் 17,500 ரூபாய் ஒரு நாள் முந்திக் கிடைத்திருந்தால் நாட்டின் தலையாய நீதிமன்றத்துக்கு அந்தப் பிள்ளை ஏன் போகிறான்? போக வழி தெரியாத எத்தனையோ பிள்ளைகளின் பெயர் எந்தத் தீர்ப்பிலும் வராது.

இதே ஐ.ஐ.டி.களில், ஆண்டு வருமானம் ஒரு லட்ச ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும், ஐந்து லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்கு மூன்றில் இரு பங்கும் 2016 முதல் தள்ளுபடி செய்யப்படுகிறது. பட்டியலினத்தவர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமலே முழுத் தள்ளுபடி உண்டு. சி.இ.டி. வழியிலும், எட்டு லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு எஸ்.என்.க்யூ. என்று வழங்கும் 5 சதவிகிதக் கூடுதல் இடங்கள் கல்விக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விண்ணப்பத்தில் அதற்குரிய விருப்பத்தைத் தெரிவித்தவர்களுக்கே அவை கிடைக்கும். இப்படித் தெரிந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று பின்னால் ஏங்கவைக்கும் உதவிகள் பல.

தகவல் ஒன்றினாலேயே என்ன நேரும் என்பதை அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை ஒரு சோதனையாகச் செய்து காட்டியது. வறிய குடும்பங்களில் பிறந்து நன்றாகப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஒரு சாராருக்கு, நீ சேர்ந்தால் நான்காண்டும் கல்விக் கட்டணம் இல்லை என்று உறுதி கூறும் கடிதம் அனுப்பினார்கள்; பெரும்பாலோர்க்கு அந்த உதவி முன்னரே கிடைக்கக்கூடியதாகத்தான் இருந்தது. கடிதம் பெறாதவர்களில் கால் பங்கினர் விண்ணப்பித்திருக்க, பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் விண்ணப்பித்தார்கள். சேர்ந்தவர்களின் தொகையும் இரட்டிப்பாயிற்று. புதிய பணம் பெரிதாக எதுவும் செலவாகவில்லை. தகுதியுள்ளவன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத் துணியாத பிள்ளைக்கு, பிறர் அதை எழுத்தில் சொன்னார்கள், அவ்வளவே.

பெங்களூரிலும் அப்படிச் சொல்ல வேண்டிய விஷயங்கள் உண்டு. 1917-இல் விசுவேசுவரய்யா முயற்சியால் தோன்றி இன்றும் கே.ஆர். வட்டத்தருகே நடக்கும் யு.வி.சி.இ. என்னும் விசுவேசுவரய்யா பொறியியற் கல்லூரி, நிர்வாகத்துக்கென்று விலைபேசும் இடமில்லாத அரசாங்க ஸ்தாபனம். அதன் கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தைவிட மிகக் குறைவு. இந்திய விஞ்ஞானக் கழகம் 2011 முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களையே இளநிலை விஞ்ஞானப் பட்டத்துக்குச் சேர்த்து வருகிறது. மைசூர்ச் சாலையிலுள்ள இந்தியப் புள்ளியியற் கழகத்தின் பி.மேத். வகுப்போ, கல்விக் கட்டணம் வாங்காததோடு மாதந்தோறும் உபகாரச் சம்பளமும் தருவது. அதன் நுழைவுத் தேர்வு, வேகமாகக் கணக்குப் போடுபவனைவிட நின்று யோசிப்பவனையே தேடுகிறது. மனப்பாடப் பயிற்சி அங்கே அதிகம் உதவாது. கணக்கில் உண்மையான ருசியுள்ள ஏழைப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இந்நகரத்தில் இல்லை என்பது என் கருத்து. எம் பகுதிப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளை விசாரித்தால், மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு பெயர்களுக்கு அப்பால் இவற்றைக் கேள்விப்பட்டவர்கள் மிக அரிது.

ஆகையால் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சான்றிதழ் வேலையைப் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே தொடங்குங்கள். மாநிலக் கல்லூரிக்கு என்ன பிரிவு, மத்தியக் கல்லூரிக்கு என்ன பிரிவு என்று தனித்தனியே கேட்டு எழுதி வையுங்கள். சி.இ.டி. பொறியியல் தரவரிசையில் பி.யு.சி. மதிப்பெண்ணுக்குப் பாதிப் பங்கு உண்டு என்பதை மறந்து, பயிற்சிக்காக வகுப்பைப் புறக்கணிக்க விடாதீர்கள். பழைய வினாத்தாள்களை நேரம் குறித்து எழுதிப் பழகுவதற்குப் பணம் வேண்டியதில்லை. அமைதியான ஓர் இடமும் தவறாத ஒழுங்கும் வேண்டும். ஒண்டுக் குடித்தன வீட்டில் அந்த அமைதியான இடம்தான் கிடைக்காத பொருள் என்பதையும் அறிவேன்.

அந்த இடத்தைத் தர வேண்டியவர்கள் நாம். அல்சூர் ஏரிக்கரையில் 1950 முதல் நடந்துவரும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்கும், விவேக் நகர்ப் பங்கு ஆலயத்துக்கும், இப்பகுதியிலிருந்து படித்து முன்னேறி வெளிநாடுகளில் உத்தியோகம் பார்க்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்கும் என் வேண்டுகோள் இது: மாலையில் பிள்ளைகள் படிக்க ஒரு கூடம் திறந்து வையுங்கள், ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் சான்றிதழ்களையும் தேதிகளையும் விளக்கிச் சொல்ல விவரமறிந்த இருவரை அங்கே அமர்த்துங்கள், இடம் கிடைத்த பிள்ளைக்கு முதற் கட்டணத்தை அன்றே கொடுத்துப் பின்னர் திரும்பப் பெறும் ஒரு சுழல்நிதியை ஏற்படுத்துங்கள். ஒரு பிள்ளைக்கு இருபதாயிரம் ரூபாய் வீதம், பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு லட்சம் போதும். வரும் ஜூனுக்கு முன் இதைத் தொடங்குங்கள்.